வாடகை எவ்வளவு?

நம் சமகாலக் கதைகளில் வரும் சென்னைவாசிகள் யாரும் வாடகை கொடுப்பதில்லை. கொஞ்சம் மிகைதான். ஆனால் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களாக இணைய இதழ்களில் வரும் நகரக் கதைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். கதாநாயகனுக்கு வேளச்சேரியிலோ பெருங்குடியிலோ ஒரு ஃப்ளாட் இருக்கும். அதற்கு ஒரு பால்கனி இருக்கும். அங்கே நின்று சிகரெட் பிடித்தபடி பிரிந்துபோன பெண்ணை நினைத்துக்கொள்வான். கீழே மழை பெய்யும். அந்த பால்கனிக்கு மாதம் எவ்வளவு, அட்வான்ஸ் யார் கொடுத்தது, வீட்டுக்காரர் எந்த மாடியில் இருக்கிறார், தண்ணீர் லாரிக்குத் தனியாகக் கொடுக்கணுமா, ஒன்றும் தெரியாது. அவன் துக்கம் மட்டும் தெரியும். அந்தத் துக்கத்துக்கான இடம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

ஒரு எழுத்தாள நண்பரிடம் இதைச் சொன்னேன். "கதை என்ன டூலெட் போர்டாய்யா?" என்று சிரித்தார். சிரிப்புக்குப் பின்னால் ஒரு முழு இலக்கியக் கொள்கையே இருக்கிறது. இலக்கியம் அகத்தைப் பற்றியது, விலைவாசி புறம். அகம் நிலைக்கும், விலை மாறும். இன்றைக்கு வாடகையை எழுதி வைத்தால் பத்து வருஷத்தில் கதை பழைய செய்தித்தாள் ஆகிவிடும். கூடவே ஒரு பயமும் உண்டு. பணத்தைப் பற்றி எழுதினால் 'முற்போக்குக் கதை' என்ற முத்திரை விழுந்துவிடுமோ என்ற பயம்.

இந்தக் கொள்கை தவறு என்று நினைக்கிறேன். தமிழ்ச் சிறுகதையின் பெரிய சாதனைகளில் சில, ஒருவனிடம் எத்தனை அணா இருக்கிறது என்ற கேள்வியிலிருந்தே பிறந்திருக்கின்றன. அவை பழசாகவில்லை. அணாவே வழக்கொழிந்த பிறகும் பழசாகவில்லை.

*

புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது' கதையை எடுத்துக்கொள்வோம். 1930களின் சென்னை. எழுத்தை நம்பிப் பிழைக்கும் முருகதாசர், மனைவி கமலம், பெண் குழந்தை அலமு. ஒட்டுக் குடித்தனம். சென்னையில் ஒட்டுக் குடித்தனம் என்றால் என்ன என்பதைப் பற்றி கதைக்குள்ளேயே கிண்டலான ஒரு விளக்கம் வரும். வீட்டுக்காரன் குடியிருப்பவனை என்ன மாதிரியான பிறவி என்று நினைத்துக்கொண்டு அந்த இடத்தைக் கட்டியிருப்பான் என்ற யோசனை அது. வாசித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கதையில் பெரிய சம்பவம் ஒன்றும் கிடையாது. நண்பர்கள் வருகிறார்கள். இலக்கியம் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு நடுவே முருகதாசர் கைமாற்று கேட்கிறார். கேட்ட அளவுக்குக் கிடைப்பதில்லை. கிடைத்ததை வைத்து இன்றைய பொழுதை ஓட்டிவிடலாம். வரப்போகும் திங்கட்கிழமையை என்ன செய்வது என்ற கேள்வியைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கதை முடிகிறது.

இந்தக் கதையின் உயிர் எங்கே இருக்கிறது? வறுமையில் என்று வழக்கமாகச் சொல்வோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வறுமையை விவரிக்கும் கதைகள் அதே காலத்தில் எத்தனையோ வந்திருக்கும், எதுவும் நினைவில் நிற்கவில்லை. இந்தக் கதையின் உயிர், இலக்கியப் பேச்சிலிருந்து கைமாற்றுக்கு மாறும் அந்தக் கணத்தில் இருக்கிறது. பேச்சு உயரத்தில் பறந்துகொண்டிருக்கும்போது, அதே வாயால், அதே ஆளிடம் காசு கேட்க வேண்டும். குரல் கொஞ்சம் இறங்கும். சிரிப்பு ஒன்று தேவைக்கு மேல் நீளும். தொகை சின்னது என்பதுதான் இங்கே முக்கியம். பெரிய தொகையாக இருந்திருந்தால் அது ஒரு கௌரவமான நெருக்கடி ஆகியிருக்கும். வியாபாரத்தில் நஷ்டம், வீட்டில் கல்யாணம் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். சில்லறைக்காகக் குரல் இறங்குவதில்தான் ஒரு மனிதன் முழுசாகத் தெரிகிறான். அந்தத் தொகையைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு, முருகதாசருக்குப் பணக் கஷ்டம் என்று மட்டும் எழுதிப் பாருங்கள். கதை செத்துவிடும்.

ஆக, விலை இங்கே அகத்துக்கு வெளியே இருக்கும் தகவல் கிடையாது. அகம் வெளியே தெரியவருவதே அந்த விலை வழியாகத்தான்.

*

அசோகமித்திரனின் 'தண்ணீர்' 1970களின் தொடக்கத்தில் வந்த நாவல். 1952இல் செகந்திராபாத்திலிருந்து சென்னைக்கு வந்தவர் அவர். இந்த ஊரை அந்நியக் கண்ணோடு பார்க்கத் தெரிந்தவர். ஜமுனா, சாயா என்ற அக்கா தங்கை, ஒரு வீட்டில் குடித்தனம், வீட்டுக்கார அம்மாள், தெருவில் அடிபம்பு, வரிசையில் குடங்கள். நகரம் வறண்டு கிடக்கிறது. இந்த நாவலைப் பற்றிப் பேசும் எல்லாரும் தண்ணீர் ஒரு குறியீடு என்பார்கள். உறவுகளின் வறட்சி, அன்பின் வறட்சி என்று விரித்துக்கொண்டே போவார்கள். இருக்கட்டும். ஆனால் முதலில் அது தண்ணீர். குடத்தைத் தூக்கினால் இடுப்பு வலிக்கும் தண்ணீர்.

சென்னையில் குடியிருப்பதன் விலையை அசோகமித்திரன் ரூபாயில் சொல்வதைவிட வேறு நாணயங்களில்தான் அதிகம் சொல்கிறார். எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், யார் முகத்தில் விழிக்க வேண்டும், யார் கோபத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கார அம்மாளின் வாய்க்குப் பயந்து ஒரு பெண் தன் குரலைக் குறைத்துக்கொள்வதும் வாடகையில் சேர்த்திதான். யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறாள் என்று கவனிக்கப்படுவதும் சேர்த்திதான். ஜமுனா தனியாக வாழும் பெண், சினிமாவில் வாய்ப்புத் தேடுகிறவள் என்பதால் அதே வீடு அவளுக்கு மட்டும் கூடுதல் விலைக்கு வருகிறது. இதை ஆசிரியர் எங்கும் விளக்குவதில்லை. நமக்குப் புரிந்துவிடும்.

திலீப்குமாரின் 'தீர்வு' கதையையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். சௌகார்பேட்டைப் பகுதியில் குஜராத்திக் குடும்பங்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கும் ஒரு கட்டடம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. அதில் எலி விழுந்து செத்துவிடுகிறது. இனி அந்தத் தண்ணீரைப் புழங்கலாமா கூடாதா என்று ஆளாளுக்கு ஒரு கட்சி. தீர்வு என்ன என்பதை வாசிக்காதவர்களுக்காக விட்டுவைக்கிறேன். விழுந்து விழுந்து சிரிக்க வைக்கும் கதை. ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு கணக்கு ஓடுகிறது. வேறு தண்ணீருக்கு வழி இருப்பவர்களுக்கு ஆசாரம் கைகூடும். வழி இல்லாதவர்கள் ஆசாரத்தைத்தான் வளைக்க வேண்டும். அந்தக் கட்டடத்தில் குடியிருப்பதன் விலை என்ன என்பதை எந்தப் பொருளாதாரக் கட்டுரையையும்விட அந்த எலி நன்றாகச் சொல்கிறது.

மூன்று கதைகளிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. வாழ்வதற்கான செலவு என்பது இவற்றில் ஒரு எண்ணாக வருவதில்லை, ஒரு ஆளாக வருகிறது. நண்பர், வீட்டுக்கார அம்மாள், பக்கத்து போர்ஷன்காரர். செலவு என்றால் யாரிடமாவது போய் நிற்பது. நிற்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் கதை.

*

இப்போது எண்ணுக்கு வருகிறேன். என் பிழைப்பு எண்களோடுதான்.

மத்திய அரசின் லேபர் பீரோ மாதாமாதம் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வெளியிடுகிறது. சென்னை, கோவை, மதுரை உட்பட நாடு முழுக்க 88 மையங்களில் விலை சேகரிக்கிறார்கள். அகவிலைப்படி இதை வைத்துத்தான் தீர்மானமாகிறது. 2016ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட இப்போதைய தொடரில், அகில இந்திய அளவில், ஒரு தொழிலாளர் குடும்பத்தின் 100 ரூபாய்ச் செலவில் உணவுக்கும் பானத்துக்கும் 39.17, வீட்டுக்கு 16.87, துணிமணி செருப்புக்கு 6.08, எரிபொருள் வெளிச்சத்துக்கு 5.50, வெற்றிலை பாக்கு புகையிலை வகையறாவுக்கு 2.07, மருத்துவம் படிப்பு போக்குவரத்து முதலான இதரச் செலவுக்கு 30.31. இதற்கு முந்தைய 2001 தொடரில் உணவு 46.2, இதரம் 23.26. பதினைந்து வருடத்தில் சோற்றுக்கான பங்கு ஏழு ரூபாய் இறங்கி, ஆஸ்பத்திரி, ஸ்கூல், பஸ், போன் பக்கம் ஏழு ரூபாய் ஏறியிருக்கிறது. ஒரு நாவலுக்கான விஷயம் இந்த ஒற்றை வரியில் இருக்கிறது. ஒரு தலைமுறை சாப்பாட்டுக் கவலையிலிருந்து ஃபீஸ் கவலைக்கு நகர்ந்த கதை.

இந்த எண்களை நான் மதிக்கிறேன். இவை இல்லாவிட்டால் சம்பளப் பேச்சுவார்த்தை என்பதே நடக்காது. ஆனால் குறியீட்டெண் எதை அளக்கிறதோ அதை மட்டும்தான் அளக்கும். வீட்டு வாடகையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். சரி, அட்வான்ஸை எங்கே வைப்பது? சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது நெடுநாள் வழக்கம். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. அந்த 'வேறு மாதிரி ஒப்பந்தம்' என்ற சந்துக்குள் ஊரே போய்வருகிறது. 20,000 ரூபாய் வாடகை என்றால் 2 லட்சம் அட்வான்ஸ். 7 சதவீத வட்டியில் போட்டிருந்தால் வருடத்துக்கு 14,000 ரூபாய் வந்திருக்கும். அதாவது கண்ணுக்குத் தெரியாமல் மாதம் 1,166 ரூபாய் கூடுதல் வாடகை. வீட்டைக் காலி பண்ணும்போது பெயின்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது தனி. அந்த 2 லட்சத்தை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒருவன் எங்கிருந்து கொண்டுவருவான்? அப்பாவின் பி.எஃப்., அம்மாவின் வளையல், இல்லாவிட்டால் வட்டிக்கு. ஊரில் அடகுக் கடையில் இருக்கும் ஒரு வளையலுக்கும் சென்னையில் இருக்கும் ஒரு பால்கனிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. எந்தக் குறியீட்டெண்ணிலும் அது வராது. கதையில்தான் வர முடியும்.

கரண்ட் பில்லும் அப்படித்தான். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது அரசின் கணக்கு. சப்-மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே 8 ரூபாய், 10 ரூபாய் என்று வசூலிப்பது வீட்டுக்காரர் கணக்கு. இரண்டுமே உண்மை.

நம்மவர்கள் வாடகையைப் பற்றி எழுதும் ஒரே புனைவு, வருமான வரிக்காக ஜனவரியில் ஹெச்.ஆர்.க்குச் சமர்ப்பிக்கும் வாடகை ரசீதுதான் என்று அலுவலகத்தில் ஒரு ஜோக் உண்டு. ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புனைவு.

*

குறியீட்டெண்ணுக்கு இன்னொரு எல்லையும் இருக்கிறது. ஒரே வீட்டுக்கு எல்லாருக்கும் ஒரே விலை என்று அது நம்புகிறது.

பொறியியல் முடித்து சென்னைக்கு வந்த புதிதில் நானும் இரண்டு நண்பர்களும் வீடு தேடினோம். போர்டில் இருந்த எண்ணுக்குப் போன் அடித்தால் வாடகை எவ்வளவு என்று நாங்கள் கேட்பதற்கு முன்னால் அவர்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். "ஃபேமிலியா, பேச்சுலரா?" முதல் வடிகட்டி. "நான்வெஜ் சமைப்பீங்களா?" இரண்டாவது. "சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு?" மூன்றாவது. இந்த மூன்றாவது கேள்வி ஊரைப் பற்றியது இல்லை என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவனுக்கும் தெரியும். ஒரு வீட்டுக்காரர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "தம்பி, எனக்கு ஒண்ணும் இல்லீங்க. மேல் போர்ஷன்ல இருக்கிறவங்க ஒரு மாதிரி. அவங்களுக்கு ஒத்துவராது" என்றார். மேல் போர்ஷன் காலியாக இருந்தது. டூலெட் போர்டே அதற்குத்தான் தொங்கியது.

எங்கள் மூவரில் ஒருவனுக்கு முதல் வாரத்திலேயே வீடு கிடைத்திருக்கும், அவன் தனியாகத் தேடியிருந்தால். இன்னொருவனுக்கு அதே தெருவில், அதே வசதிக்கு, இரண்டாயிரம் கூடுதலாகக் கேட்டார்கள். முஸ்லிம் நண்பர்கள், தலித் நண்பர்கள், தனியாக வேலை பார்க்கும் பெண்கள் ஆகியோரிடம் இந்தக் கட்டுரையைக் காட்டினால் 'இதுக்கு ஒரு பத்திதானா?' என்று கேட்பார்கள். அவர்களுக்கு இந்த ஊரின் விலைப்பட்டியலே வேறு. ஆபீஸிலிருந்து தள்ளி ஒரு ஏரியா, அதனால் தினம் இரண்டு மணி நேரம் பஸ்ஸில், அதனால் தூக்கம் குறைவு, அதனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுக்கையில். வாடகைக் கணக்கில் எதுவும் ஏறாது. இணையத்தில் ஊருக்கு ஊர் வாழ்க்கைச் செலவை ஒப்பிட்டுக் காட்டுகிறார்களே, அதில் 'ஒரு படுக்கையறை வீடு, நகர மையத்தில்' என்று ஒரு வரி இருக்கும். யாருக்கு என்ற வரி இருக்காது. ஒரே எண்ணைப் பார்த்து ஒருவன் "பரவாயில்லையே" என்கிறான், இன்னொருத்தி "அந்த விலைக்கு எனக்கு யார் தர்றாங்க?" என்கிறாள். இருவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் நாவலின் இடம் என்பேன்.

*

சரி, இவ்வளவு இருந்தும் நம் தலைமுறைக் கதைகளில் ஏன் இது வரவில்லை?

எளிமையான ஒரு பதில் என் கையில் முதலிலிருந்தே இருந்தது. முருகதாசருக்குக் கடன் கொடுக்கிறவனுக்கு முகம் இருந்தது. ஜமுனாவுக்கு வீட்டுக்கார அம்மாள் நேரில் நின்றாள். நமக்கு இ.எம்.ஐ. ஐந்தாம் தேதி தானாகப் போகிறது. வாடகை போன் வழியாகப் போகிறது. வீட்டுக்காரர் அமெரிக்காவில் இருக்கிறார். கடன் தேவைப்பட்டால் செயலி தருகிறது; கேட்கும்போது குரல் இறங்க வேண்டியதில்லை. முகம் போய்விட்டதால் காட்சி போய்விட்டது. காட்சி போனதால் கதை பால்கனிக்குப் போய்விட்டது. அழகான பதில்தான். ஒரு கருத்தரங்கில் சொன்னால் கைதட்டுவார்கள்.

ஆனால் அது பாதிதான் உண்மை. முகங்கள் எங்கும் போகவில்லை. நாம் நிற்கும் பக்கம் மாறிவிட்டது.

முருகதாசர் கேட்கும் பக்கத்தில் இருந்தார். ஜமுனா கேட்கும் பக்கத்தில் இருந்தாள். இன்று எழுதும் எங்களைப் போன்றவர்களில் பலர் கேட்கப்படும் பக்கத்துக்கு வந்துவிட்டோம். "சார், அடுத்த மாசச் சம்பளத்துல புடிச்சுக்கோங்க, ஒரு ஐயாயிரம் வேணும்" என்று சமையலறை வாசலில் நிற்பவர் இருக்கிறார். அவர் குரல் இறங்குகிறது. அவர் சிரிப்பு தேவைக்கு மேல் நீள்கிறது. புதுமைப்பித்தனின் காட்சி அப்படியே நம் வீட்டில் நடக்கிறது, நாம் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறோம். அந்தப் பக்கத்திலிருந்து கதை சொல்லும் மொழி நமக்கு இன்னும் வாய்க்கவில்லை. வாங்கும் அவமானத்தை எழுதத் தமிழில் மரபு இருக்கிறது. கொடுக்கும்போது வரும் ஒருவிதச் சங்கடத்தை, அல்லது கொடுக்காமல் விடுவதற்கு மனசு தேடும் சாக்குகளை எழுத மரபு குறைவு.

ஓ.எம்.ஆரை எடுத்துக்கொள்ளுங்கள். டைடல் பார்க் திறக்கப்பட்டது 2000இல். அதே காலகட்டத்தில்தான் நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடிசைவாசிகளுக்காக அதே சாலையோரத்தில் கண்ணகி நகர் எழுந்தது. பிறகு செம்மஞ்சேரி. அதற்கும் பிறகு பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகள். கூவம் கரையிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் இருந்தவர்கள் இருபது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிக் கொண்டுபோய் விடப்பட்டார்கள். பழைய இடத்தில் நடந்தே போய்ச் செய்த வேலைக்கு இப்போது இரண்டு பஸ். பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் பள்ளிக்கூடமே இல்லை. வீடு கிடைத்தது, வாழ்வதன் செலவு ஏறியது. அங்கிருந்து பலர் பக்கத்து அடுக்ககங்களுக்கு வீட்டு வேலைக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் வருகிறார்கள். ஒரே சாலையில் ஒரே காலத்தில் எழுந்த இரண்டு ஊர்கள் இவை. ஒன்றின் வாடகை ஏறுவதில் என் சம்பளத்துக்கும் பங்கு இருக்கிறது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தபோது அந்த ஊர்களின் வீட்டுக் கணக்கில் ஒரு வரி பூஜ்ஜியமானது. ஒரு பெண்ணின் நாளில் அந்த பூஜ்ஜியம் என்ன செய்தது? மிச்சமான காசு யார் கைக்குப் போனது? இதை எழுதிய கதை ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

2019 கோடையை நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு, ஓ.எம்.ஆர். அலுவலகங்கள் சில தங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 'தண்ணீர்' நாவல் வந்து ஏறக்குறைய ஐம்பது வருடத்துக்குப் பிறகு அதே நகரம், அதே குடங்கள். ஆனால் அக்கறையுள்ள நண்பர்கள் பலர் அசோகமித்திரனின் அட்டைப்படத்தைப் பகிர்ந்தார்களே தவிர, எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் லாரித் தண்ணீருக்கு யார் எவ்வளவு கொடுப்பது, வேலைக்காரர்கள் எந்தக் குழாயைப் பயன்படுத்தலாம் என்று நடந்த சண்டையை யாரும் எழுதவில்லை. திலீப்குமாரின் எலி விழுந்த கிணறு அந்த வாட்ஸப் குழுதான்.

*

முயற்சிகளே இல்லை என்று சொல்லமாட்டேன். விநாயக முருகனின் 'ராஜீவ்காந்தி சாலை', ஐ.டி. வளாகங்களுக்குள் இருப்பவர்களையும் அந்தச் சாலையால் நிலத்தை இழந்தவர்களையும் ஒரே நாவலுக்குள் கொண்டுவர முயன்றது. கலையாக அது எவ்வளவு கூடிவந்தது என்பதில் எனக்குக் கேள்விகள் உண்டு. தகவலின் வேகத்தில் மனிதர்கள் அங்கங்கே உதாரணங்களாகிவிடுகிறார்கள். ஆனால் இந்த இரண்டு தரப்பையும் ஒரே சாலையில் நிற்கவைக்க வேண்டும் என்ற உந்துதல் சரியானது. தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' வேறு வழியில் போகிறது. சிந்தாதிரிப்பேட்டையை உள்ளே இருந்து, அந்த மக்களின் பேச்சில் சொல்கிறது. ஏழ்மையைக் காட்சிக்கு வைக்காமல் அதன் கொண்டாட்டங்களோடும் அடாவடிகளோடும் எழுதியதால்தான் அந்த நாவலில் காசு ஒரு கதாபாத்திரம் மாதிரி நடமாடுகிறது. அது உள்ளே இருப்பவரின் நாவல். பால்கனியில் நிற்பவனின் நாவல், தான் எதன்மேல் நிற்கிறோம் என்று தெரிந்த நாவல், இன்னும் வரவேண்டும்.

விலைப்பட்டியல் கேட்கிறேன் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். வாடகை 18,000, மெயின்டனன்ஸ் 2,500 என்று நான்கு இடத்தில் தூவினால் யதார்த்தம் வந்துவிடாது. அது செட் ப்ராப்பர்ட்டி. நான் கேட்பது, ஒரு தொகை ஒருவருடைய குரலை மாற்றும் அந்த இடம். அட்வான்ஸ் பணத்தைக் கேட்டு ஊருக்குப் போன் அடித்துவிட்டு, முதலில் மழையைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசுகிறானே, அந்த ஐந்து நிமிஷம். சம்பள உயர்வு கிடைத்ததை வீட்டில் சொல்லாமல் ஒரு வாரம் வைத்திருக்கிறாளே, அந்த ஒரு வாரம்.

இதில் இலக்கிய ரசனையைத் தாண்டியும் ஒரு விஷயம் இருக்கிறது. இதை வாசிக்கும் பலர் இருபதுகளில் இருப்பீர்கள். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ வாடகைக்குப் போய்க்கொண்டிருக்கும். மாதக் கடைசியில் கார்டைத் தேய்ப்பதும், ஊரிலிருந்து அப்பா போன் அடித்தால் "எல்லாம் நல்லாருக்குப்பா" என்பதும் உங்களுக்குத் தெரியாததில்லை. பக்கத்து சீட்டுக்காரனும் அதே நிலைமைதான், அவனும் சொல்லமாட்டான். எல்லாருக்கும் பொதுவான ஒரு சுமையை ஆளாளுக்குத் தன் சாமர்த்தியக் குறைவு என்று நினைத்துக்கொண்டு தனித்தனியாக ஒளித்து வைத்திருக்கிறோம். புதுமைப்பித்தனை வாசித்த ஒருவன், இதே சங்கடத்தை இன்னொருத்தன் தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் பட்டிருக்கிறான் என்று அறிந்துகொண்டான். சங்கடம் குறையவில்லை, அவன் தனியாள் இல்லை என்று ஆனது. நம் கதைகளில் யாரும் வாடகையே கொடுக்காவிட்டால், தொண்ணூறு வருடம் கழித்து இந்த நகரத்தில் வாழப்போகும் ஒருவனுக்கு நாம் எல்லாரும் சிரமமில்லாமல் பால்கனியில் நின்றோம் என்றுதான் தோன்றும். அவனுடைய வாடகை அப்போது எவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

டூலெட் போர்டு என்று சிரித்த நண்பர் இப்போது ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார். களம் மடிப்பாக்கம். வீட்டுக்காரர் எந்த மாடியில் இருக்கிறார் என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.